பிரமாதமான கரு, அரைவேக்காட்டுக் கதை: அறிவியல் சிறுகதைக்கு எப்படி மதிப்பெண் போடுவது?

கேள்வி சுருக்கமாக இது: முதல்முறையாக ஓர் அறிவியல் சிறுகதைப் போட்டிக்கு நடுவராகியிருக்கிறீர்கள். வந்தவற்றில் ஒரு கதையின் கரு உங்களைத் தூங்கவிடவில்லை. அறிவியல் சரி, மொழியும் சுத்தம், ஆனால் கதைப்பின்னல் பாதியிலேயே நிற்கிறது. யோசனைக்காக மேலே தூக்குவதா, கதையாகவில்லை என்று ஒதுக்குவதா, பத்துக்கு எத்தனை போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

எண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தரை. மனது இளகினால் ஆறு. பரிசு கொடுக்க மாட்டேன், ஆனால் அடுத்த சுற்றுக்குக் கண்டிப்பாக அனுப்புவேன். மற்றதெல்லாம் அந்த ஐந்தரை எங்கிருந்து வந்தது என்பதற்கான விளக்கம்தான்.

நீங்கள் சொன்ன கதையையே எடுத்துக்கொள்வோம். சூரியனுக்கு மிக அருகிலிருக்கும் விண்மீன் பிராக்சிமா சென்டாரி. 4.24 ஒளியாண்டு தூரம், அதாவது ஒளியே போய்ச்சேர ஏறக்குறைய நாலேகால் வருடம் ஆகும். அங்கே சுற்றிவரும் ஆய்வு நிலையத்தில் ஒருவன் தனியாக இருக்கிறான். பூமியிலிருந்து அவனுக்குக் கடிதம் எழுதுவது ஒருத்தியின் வேலை. ஒரு நாள் நிலையத்தின் மென்பொருளில் ஒரு பிழை அவள் கண்ணில் படுகிறது. தேதியை எண்ணும் எண் நிரம்பி வழிந்து, இன்றிலிருந்து சரியாக மூன்று வருடத்தில் காற்றைச் சுத்திகரிக்கும் கருவிகள் நின்றுவிடும். எச்சரிக்கை அனுப்பினால் போய்ச்சேர நாலேகால் வருடம். ஆகவே அவனைக் காப்பாற்ற வழியே இல்லை. அவள் அழுகிறாள். அந்த நேரம் பார்த்து அவனிடமிருந்து செய்தி வருகிறது: ‘இங்கே எல்லாம் நலம்.’ அதோடு கதை முடிகிறது.

கரு அபாரம்தான், சந்தேகமே இல்லை. பிழைகூட நம்பும்படி இருக்கிறது. 32 பிட்டில், அதாவது 32 இரும இலக்கங்களுக்குள், நொடிகளை எண்ணும் பழைய நிரல்கள் 2038 ஜனவரி 19 அன்று இப்படித்தான் நிரம்பி வழியப்போகின்றன. வில்லன் கிடையாது, வெடிகுண்டு கிடையாது. ஒளியைவிட வேகமாக எதுவும் போகாது என்ற ஒரே விதி ஓர் ஆளைக் கொல்கிறது. இதைப் படித்துவிட்டு உங்களுக்குத் தூக்கம் வராததில் ஆச்சரியமில்லை.

ஆனால் உங்களைத் தூங்கவிடாதது அந்த எழுத்தாளர் எழுதியதா, அதைப் படித்தபின் நீங்களாக யோசித்துக்கொண்டதா? நடுவராக உட்கார்ந்ததும் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி இதுதான். அறிவியல் புனைகதையில் இந்த மயக்கம் அடிக்கடி வரும். கரு நன்றாக இருந்தால் வாசகரின் மூளை தானாகவே வேலை செய்ய ஆரம்பித்துவிடும். இல்லாத காட்சிகளை நாமே நிரப்பிக்கொள்வோம், அப்புறம் அந்தப் பெருமையைக் கதைக்குக் கொடுத்துவிடுவோம். நானே இதில் மாட்டியிருக்கிறேன். ஒருமுறை ஒரு கதைக்கு ஒன்பது போட்டுவிட்டு, கூட இருந்த நடுவரிடம் அதைப் பற்றிப் பத்து நிமிடம் ஆர்வமாகப் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இதெல்லாம் எந்தப் பக்கத்தில் வருகிறது?” என்றார். புரட்டிப் பார்த்தேன். எந்தப் பக்கத்திலும் வரவில்லை.

இதற்கு உளவியலில் ஒரு பழைய பெயர் உண்டு. உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் 1920-இலேயே ‘ஒளிவட்டப் பிழை’ என்று எழுதினார். ஒருவரிடம் ஒரு குணம் பளிச்சென்று தெரிந்தால் மற்ற குணங்களுக்கும் நாம் கூடுதலாக மதிப்பெண் போட்டுவிடுகிறோம். ஆட்களை மதிப்பிடுவது பற்றித்தான் அவர் சொன்னார். கதைகளுக்கும் அப்படியே பொருந்தும். கரு பளபளத்தால் பாத்திரப்படைப்புக்கும் இரண்டு மதிப்பெண் ஏறிவிடும்.

சரி, கதைப்பின்னலுக்கு வருவோம். இங்கே முதலில் பிரித்துப் பார்க்க வேண்டிய இரண்டு விஷயங்கள் உண்டு. கதைப்பின்னல் சிறியதாக இருப்பது வேறு, வளராமல் நிற்பது வேறு. புதிதாக நடுவராகிறவர்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒரே அறை, ஒரே ஆள், ஒரு மணி நேரம், வெளியே எதுவுமே நடக்காது. அப்படியும் முழுமையான கதை எழுதலாம். சீனத்து நாலுவரிக் கவிதை அமைப்பிலிருந்து வளர்ந்து ஜப்பானில் ‘கிஷோடென்கெட்சு’ என்று வழங்கும் கதையமைப்பில் மோதல் இருந்தே ஆகவேண்டும் என்று கிடையாது. ஒன்றை அறிமுகப்படுத்து, வளர்த்து, மூன்றாவதாகச் சம்பந்தமில்லாததுபோல் ஒன்றைக் கொண்டுவா, கடைசியில் இரண்டையும் சேர்த்துக் காட்டு, அவ்வளவுதான். ‘மோதல் இல்லை, ஆகவே கதை இல்லை’ என்று குறிப்பெழுதும் நடுவரை நான் நம்புவதில்லை.

அப்படியானால் வளரவில்லை என்பதை எதை வைத்துச் சொல்வது? ஆங்கில நாவலாசிரியர் இ.எம். ஃபார்ஸ்டர் 1927-இல் சொன்ன உதாரணம் இன்றைக்கும் உதவும். ‘ராஜா செத்தார், அப்புறம் ராணி செத்தார்’ என்றால் அது வெறும் கதை. ‘ராஜா செத்தார், அந்தத் துக்கத்திலேயே ராணியும் செத்தார்’ என்றால் அது கதைப்பின்னல். நான் செய்வது என்னவென்றால், படித்து முடித்ததும் தாளை மூடிவைத்துவிட்டு, கதையை ஏழெட்டு வாக்கியத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். ஒவ்வொரு வாக்கியத்தையும் எந்தச் சொல்லால் கோர்க்கிறேன் என்று கவனிப்பேன். ‘அப்புறம்... அப்புறம்...’ என்றே போய்க்கொண்டிருந்தால் எங்கேயோ உதைக்கிறது. ‘அதனால்’, ‘ஆனாலும்’, ‘என்றாலும் அவள்’ என்று வர ஆரம்பித்தால் கதை உயிரோடு இருக்கிறது.

உங்கள் கதையைச் சொல்லிப் பாருங்கள். அவள் பிழையைக் கண்டுபிடிக்கிறாள், அதனால் அவனைக் காப்பாற்ற முடியாது என்று தெரிகிறது. இதுவரை நல்ல ‘அதனால்’. அப்புறம் அழுகிறாள். அப்புறம் செய்தி வருகிறது. அவ்வளவுதான். முதல் கண்ணி பூட்டியதுமே சங்கிலி அறுந்துவிட்டது. கதை தொடங்க வேண்டிய இடத்தில் முடிந்துபோய்விட்டது.

இன்னொரு சோதனை, இது அறிவியல் கதைகளுக்கென்றே உள்ளது. அறிவியலை உருவிவிட்டால் கதை நிற்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். நின்றால் அந்த அறிவியல் வெறும் ஜோடனை. இது எல்லாருக்கும் தெரிந்த சோதனை. அதன் மறுபாதியை யாரும் செய்வதில்லை: மனிதரை உருவிவிட்டுப் பாருங்கள். உங்கள் கதையில் அந்தப் பெண்ணுக்குப் பதிலாக ஒரு தானியங்கிக் கணினி உட்கார்ந்திருந்தால் என்ன மாறும்? பிழை கண்டுபிடிக்கப்படும், எச்சரிக்கை போகும், செய்தி வரும். அழுகையைத் தவிர ஒன்றும் மாறாது. பிராக்சிமா இல்லாமல் இந்தக் கதை இல்லை, அவள் இல்லாமல் இருக்கிறது. பின்னல் வளரவில்லை என்று நான் சொல்வது இதைத்தான். நிகழ்ச்சிகள் குறைவு என்று குறைசொல்லவில்லை. கரு யாரிடமும் எந்த விலையும் கேட்கவில்லை, யாரையும் ஒரு முடிவெடுக்கும்படி நெருக்கவில்லை என்பதுதான் என் குறை.

அறிவியல் சரியாக இருக்கிறது என்றீர்கள். முழுக்கச் சரியில்லை. நீங்கள் எடுத்துக்காட்டிய வரிகளில் ஒன்றில் அவன் ‘நீ போன வாரம் கேட்டாயே’ என்று எழுதுகிறான். நாலேகால் ஒளியாண்டு தூரத்தில் ‘போன வாரம்’ எப்படி வந்தது? அவள் கேட்ட கேள்வி போய்ச்சேர நாலேகால் வருடம், பதில் திரும்பிவர இன்னொரு நாலேகால். எட்டரை வருடத்துக்கு முந்திய கேள்விக்குத்தான் இன்றைக்குப் பதில் வரும். கேட்டவளுக்கே கேட்டது மறந்திருக்கும். ஒரு வரிச் சறுக்கல்தானே என்று விட்டுவிடலாம். வேறு கதையாக இருந்தால் நானும் விட்டிருப்பேன். செவ்வாயில் இருப்பவரோடு தங்குதடையில்லாமல் தொலைபேசும் கதைகள் எத்தனையோ வருகின்றன. சமிக்ஞை ஒருவழி போகவே 3 முதல் 22 நிமிடம் ஆகும். அந்தத் தாமதத்தை நம்பி கதை நிற்காதபோது ஒரு மதிப்பெண்கூடக் குறைக்க மாட்டேன். இந்தக் கதை முழுக்கமுழுக்க அந்தத் தாமதத்தை நம்பித்தான் நிற்கிறது. தான் வைத்த விதியைத் தானே மீறினால் அறிவியலில் விழுந்த ஓட்டை வழியாகப் பின்னலும் ஒழுகிவிடும். எச்.ஜி. வெல்ஸ் 1930-களில் தன் கதைத் தொகுப்பு ஒன்றின் முன்னுரையில் சொன்னதன் சாரம் இதுதான்: எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்றானால் எதிலுமே சுவாரசியம் இருக்காது.

இன்னும் கொஞ்சம் கணக்குப் போடலாம். எனக்கு இந்தக் கதையில் மிகவும் வலித்த இடம் அங்கேதான் இருக்கிறது, அதை எழுதியவர் பார்க்கவே இல்லை. மூன்று வருடத்தில் அவன் இறந்துவிடுவான். அவன் கடைசியாக அனுப்பும் செய்தி அதற்கப்புறம் நாலேகால் வருடம் கழித்து வரும். ஆக, இன்றிலிருந்து ஏழேகால் வருடத்துக்கு அவனிடமிருந்து செய்திகள் வந்துகொண்டே இருக்கும். அதில் பின்பாதி, நாலேகால் வருடச் செய்திகள், இறந்துபோனவனின் செய்திகள். இது ஒரு பக்கம். மறுபக்கத்தைப் பாருங்கள். அவள் இன்று அனுப்பும் கடிதம் அவன் இறந்து ஒன்றேகால் வருடம் கழித்துத்தான் போய்ச்சேரும். அப்படியானால் நேற்று அனுப்பியது? போன மாதம் அனுப்பியது? எதுவும் அவனுக்குக் கிடைக்காது. கடந்த பதினைந்து மாதமாக அவள் எழுதியதெல்லாம் ஏற்கெனவே ஆளில்லாத வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அவன் படிக்கப்போகும் கடைசிக் கடிதத்தை அவள் பதினைந்து மாதத்துக்கு முன்பே எழுதி அனுப்பிவிட்டாள். அதில் என்ன எழுதியிருந்தாள்?

கோப்பைத் திறந்து அந்தத் தேதியைத் தேடுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அவளுக்குத் தலைவலி. இரண்டே வரி. ‘வடிகட்டி மாற்றும் அட்டவணை இணைப்பில் உள்ளது. மற்றவை பிறகு.’

இங்கேதான் நடுவர் தன் கையைக் கட்டிப்போட வேண்டும். மேலே நான் சொன்னது என் கதை, போட்டிக்கு வந்த கதை இல்லை. ‘இப்படி எழுதியிருக்கலாமே’ என்று நமக்குத் தோன்றுவதாலேயே அவர் எழுதியது தப்பாகிவிடாது. அவர் வேறு திசையில் போயிருக்கலாம். இறக்கப்போகிறவனின் குடும்பத்திடம் சொல்வதா வேண்டாமா என்று போயிருக்கலாம். மேலதிகாரி ‘வழக்கம்போலக் கடிதம் அனுப்பிக்கொண்டிரு’ என்று சொல்வதாக வைத்திருக்கலாம். எந்தத் திசையானாலும் சரி, ஏதாவது ஒரு திசையில் நாலடி நடந்தாரா என்பதுதான் நம் கேள்வி. நான் போட்ட கணக்கின் பயன் வேறு: இந்தக் கருவுக்குள் பின்னல் இல்லாமல் இல்லை, நிறைய இருந்தது, தோண்டவில்லை என்று தெரிகிறது. ‘கரு சின்னது, இதற்குமேல் என்ன செய்ய முடியும்’ என்ற சமாதானம் இங்கே செல்லாது.

தோண்டினாலும் வம்புதான் என்பதற்கு டாம் காட்வினின் ‘தி கோல்ட் ஈக்வேஷன்ஸ்’ நல்ல உதாரணம். 1954-இல் ‘அஸ்டௌண்டிங்’ என்ற அறிவியல் புனைகதை இதழில் வந்தது. அவசர மருந்து கொண்டுபோகும் சிறிய விண்கலம், எடைக்குத் தக்கபடி அளந்து ஊற்றிய எரிபொருள், அண்ணனைப் பார்க்கும் ஆசையில் ஒளிந்து ஏறிக்கொண்ட பெண். அவளை வெளியே தள்ளாவிட்டால் கலம் நொறுங்கும், மருந்துக்காகக் காத்திருப்பவர்களும் சாவார்கள். காட்வின் ஏதாவது தந்திரம் செய்து அவளைப் பிழைக்கவைத்துக்கொண்டே இருந்ததாகவும், இதழாசிரியர் ஜான் கேம்ப்பெல் கதையைத் திரும்பத்திரும்ப அவருக்கே அனுப்பி முடிவை மாற்றவைத்ததாகவும் சொல்வார்கள். கடைசியில் அவள் சாகிறாள். சங்கிலியில் ஒரு கண்ணிகூட விடுபடாத பின்னல். ஆனால் பல பத்தாண்டுகளாக அந்தக் கதையைப் பற்றி நடக்கும் சண்டை என்ன தெரியுமா? அவளைக் கொன்றது இயற்பியல் இல்லை, பொறுப்பில்லாத வடிவமைப்பு என்பதுதான். கூடுதல் எரிபொருள் ஒரு துளிகூட இல்லாமல் கலத்தை அனுப்பியது யார்? யார் வேண்டுமானாலும் உள்ளே வரும்படி விட்டது யார்? எனக்கும் அந்தக் கட்சிதான் சரி என்று படுகிறது. இருந்தாலும் அந்தக் கதைக்கு நான் நல்ல மதிப்பெண் போடுவேன். சண்டை போடும் அளவுக்கு அங்கே ஏதோ கட்டப்பட்டிருக்கிறது. உங்கள் கதையோடு சண்டை போடக்கூட முடியவில்லை, கவனித்தீர்களா?

வளராத பின்னல் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதில்லை. உங்கள் கதை ‘தொடங்குமிடத்தில் முடிந்த’ வகை, இருப்பதில் இதுதான் கௌரவமானது. இதைவிட மோசமானது கடைசி வரித் திருப்பத்துக்காகவே ஓடும் கதை: எல்லாம் கணினிக்குள் நடந்தது, கதைசொல்லியே இயந்திர மனிதன், அந்த அந்நியக் கிரகம் நம் பூமிதான். கதையைத் திரும்பப் படித்துப் பாருங்கள். உண்மையான திருப்பமானால் இரண்டாம் வாசிப்பில் முந்திய வரிகளுக்கெல்லாம் புது அர்த்தம் வரும். வெறும் தந்திரமானால் முந்திய வரிகள் நேரத்தைக் கடத்தத்தான் இருந்தன என்று தெரியும். அடுத்தது, நாவலின் முதல் அத்தியாயம் சிறுகதை வேஷம் போட்டு வருவது. பதினொரு பெயர்கள், மூன்று கிரகங்கள், ஒரு பழைய போர், கடைசியில் கதவு திறக்கிறது. அப்புறம், பாத்திரங்கள் எல்லாரும் முட்டாள்களாக இருந்தால் மட்டுமே நகரும் கதை. யாராவது ஒருவர் ஒரு கேள்வி கேட்டால் இரண்டாம் பக்கத்திலேயே முடிந்துவிடும். இந்த மூன்றுக்கும் நான் நாலுக்குமேல் போடுவதில்லை.

விளக்கவுரை நோய் தனி. ‘உனக்குத்தான் தெரியுமே, நம் கலத்தின் எஞ்சின் இப்படி வேலை செய்கிறது’ என்று ஒரு பொறியாளர் இன்னொரு பொறியாளருக்குப் பாடம் நடத்துவார். இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. பென்சிலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பத்திக்கும் ஓரத்தில் ஓர் எழுத்துப் போடுங்கள். விளக்கமானால் ‘வி’, யாராவது எதையாவது விரும்பியோ மறைத்தோ முடிவெடுத்தோ செய்தால் ‘செ’. முடித்ததும் ஓரத்தை மட்டும் பாருங்கள். உங்கள் கதை மூவாயிரம் சொல், அதில் இரண்டாயிரத்துக்கு ஒளியின் வேகமும் ஆண்டெனாவும்தான் என்கிறீர்கள். அப்படியானால் ஓரம் முழுக்க ‘வி’ வரிசையாக நிற்கும். ‘இடம் போதவில்லை, அதனால் பின்னலை வளர்க்க முடியவில்லை’ என்று வாதாட இதற்குமேல் வழியில்லை. இடம் இருந்தது, வேறெதற்கோ போனது.

அளவு பற்றி ஒன்று. அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருதில் 7,500 சொல்லுக்குக் கீழே இருந்தால்தான் சிறுகதை. அதற்குமேல் 17,500 வரை சிறுகதைக்கும் குறுநாவலுக்கும் நடுவில் ஒரு தனிப் பிரிவு, அதற்குமேல் 40,000 வரை குறுநாவல். உங்கள் போட்டியின் வரம்பு 3,000 என்றால், 7,500 சொல்லில் விரியும் பின்னலை அதில் எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஒரு முடிச்சு, ஒரு தேர்வு, அதன் விளைவின் நிழல், இவ்வளவு வந்தாலே எனக்குப் போதும்.

எதிர்ப்பக்கத்துத் தவறையும் சொல்லிவிட வேண்டும், அதையும் நான் செய்திருக்கிறேன். பின்னலே இல்லை என்று ஒரு கதையை முதல் சுற்றிலேயே ஒதுக்கினேன். பனிக்கடலில் துளைபோடும் நிலையத்தின் தினக்குறிப்பு அது. தேதி, வெப்பநிலை, ஆழம், கையெழுத்து. பக்கம் பக்கமாக அதுதான். இரண்டு நாள் கழித்து வேறு எதையோ தேடும்போது அந்தத் தாள் மறுபடி கையில் அகப்பட்டது. நடுவில் பதினோரு தேதிகளைக் காணோம். அந்த இடைவெளிக்கு முன்புவரை நான்கு பேர் கையெழுத்து, அதற்கப்புறம் மூன்று. ஆழம் மட்டும் குறைந்திருக்கிறது. துளைபோடும் இடத்தில் ஆழம் எப்படிக் குறையும்? எதையோ உள்ளே போட்டு மூடியிருக்கிறார்கள். கதை முழுக்க அந்தப் பதினோரு நாளில் நடந்திருக்கிறது, ஒரு வரிகூட எழுதாமல். நான் வெட்கத்தோடு அதை மறுபடி மேசையில் வைத்தேன். அன்றிலிருந்து ‘பின்னல் போதாது’ என்று எழுதத் தோன்றும் எந்தக் கதையையும் ஒரு நாள் ஆறப்போட்டு இரண்டாம் முறை படிக்காமல் முடிவு சொல்வதில்லை. வரிசையில் நாற்பதாவதாக வரும் கதைக்கு இது மிகவும் முக்கியம். அதற்குள் நம் கண் களைத்திருக்கும்.

உங்கள் கதையில் அப்படி ஒளிந்திருக்கும் பின்னல் ஏதாவது இருக்குமா? நீங்கள் மூன்று முறை படித்தேன் என்கிறீர்கள். அவள் எதையாவது மறைத்ததாக, தள்ளிப்போட்டதாக, பொய் சொன்னதாக ஒரு சொல் அகப்பட்டால் நான் சொன்ன எண்ணைத் தூக்கிப்போட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஐந்தரைதான்.

அந்த எண் எப்படி வந்தது? நான் பத்தை நாலாகப் பிரித்து வைத்திருக்கிறேன்: கருவுக்கு இரண்டரை, பின்னலுக்கு மூன்று, பாத்திரங்களுக்கு இரண்டரை, மொழிக்கு இரண்டு. இந்தக் கதைக்குக் கருவில் இரண்டேகால், மொழியில் ஒன்றேகால். ‘போன வாரம்’ சறுக்கலையும் சேர்த்துப் பின்னலில் ஒன்று. பாத்திரத்தில் ஒன்று, ஏனென்றால் முடிவெடுக்காத ஆளை நாம் அறிந்துகொள்ளவே முடிவதில்லை. பின்னலில் குறைத்த அதே காரணத்துக்காக இங்கேயும் குறைக்கிறேனே, ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனையா என்று நீங்கள் கேட்கலாம். கொஞ்சம் அப்படித்தான். அதனால்தான் ஆறு வரை போகலாம் என்றேன். உங்கள் போட்டியில் பிரிப்பு வேறு மாதிரி இருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஆனால் கதைகளைப் படிக்க ஆரம்பிக்கும் முன்பே எல்லா நடுவர்களும் ஒரே பிரிப்பை ஒப்புக்கொள்ளுங்கள், பாதியில் மாற்றாதீர்கள்.

இன்னொரு கேள்வியும் கேட்டிருந்தீர்கள்: எல்லாம் ஒழுங்காக அமைந்த, ஆனால் ஏற்கெனவே நூறு தடவை படித்த கருவோடு வந்த கதை ஒன்று இருக்கிறதே, அதற்கும் இதற்கும் போட்டி வந்தால் என்ன செய்வது? நான் முழுமையான கதைக்குத்தான் பரிசு கொடுப்பேன், கொஞ்சம் அலுப்போடு. தாளில் இருப்பதற்குத்தான் பரிசு. ஆனால் கடைசிப் பட்டியலில் இரண்டும் இருக்க வேண்டும். ஒருவரின் ரசனையில் விடுபடுவது இன்னொருவர் கண்ணில் படட்டும். ஊக்கப் பரிசு மாதிரி ஏதாவது இருந்தால் இந்தக் கதைக்கென்றே அது பிறந்தது.

எழுத்தாளருக்குக் குறிப்பு அனுப்பும் வசதி இருக்கிறது என்றீர்களே, அதை விட்டுவிடாதீர்கள். ‘கதைப்பின்னலை மேலும் வளர்க்கலாம்’ என்று மட்டும் எழுதாதீர்கள். அதைப் படித்தவர் என்ன செய்வார்? ஒரு துரத்தலைச் சேர்ப்பார், ஒரு சதியைச் சேர்ப்பார், ஓர் எதிரி நாட்டைக் கொண்டுவருவார். கதை இன்னும் கெட்டுப்போகும். எங்கே நிற்கிறது என்று விரலை வைத்துக் காட்டுங்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

‘கருவும் கணக்கும் என்னை உலுக்கிவிட்டன. மூன்றாம் பக்கத்தில் “போன வாரம்” என்று வருவதை மட்டும் சரிபாருங்கள். பிழை தெரிந்த நிமிடத்திலிருந்து கதை முடியும்வரை அவள் செய்யும் ஒரே காரியம் அழுவது. அதற்கப்புறமும் அவள் மறுநாள் காலையில் வேலைக்கு வந்தாக வேண்டும், அவன் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கும். அந்த மறுநாள் காலையைப் படிக்க ஆசைப்படுகிறேன். ஒளியின் வேகம் பற்றிய பத்திகளில் பாதியை எடுத்துவிட்டால் அதற்கு இடம் கிடைக்கும்.’

அந்தப் பதினைந்து மாதக் கணக்கையும் சொல்லிக்கொடுக்கலாமா என்று உங்களுக்குக் கை துறுதுறுக்கும். எனக்கும்தான். வேண்டாம். நாம் சொன்னால் அது நம் காட்சியாகிவிடும், அவர் அதை நகலெடுப்பார். குறிப்பின் அடியில் ஒரே ஒரு கேள்வி மட்டும் எழுதுங்கள்: ‘அவள் எழுதியதில் அவன் கடைசியாகப் படிக்கப்போகும் கடிதம் எது?’ கணக்கை அவரே போட்டுக்கொள்வார்.